பித்த உப்பின் பாதையில் நுழையும் வைரஸ்

கல்லீரலும் வைரஸ்களும் – 6

ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றிவந்தாலும், அது தங்கிப் பெருகும் இடம் கல்லீரல் செல்களே. ஒரு வைரஸ் எந்த உறுப்பைத் தாக்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது, செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு அந்த வைரஸின் உறைப்புரதத்துக்குப் பற்றிடம் தரும் மூலக்கூறு. இதனை ஏற்பி என்பர். பாரூக் பிளம்பர்க் குழுவினர் இவ்வைரஸின் உறைப்புரதத்தை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்ற பெயரில் 1965இல் அறிவித்தனர். அதனைத் தொடர்ந்து ரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் வந்துவிட்டபோதிலும், ஏற்பி எது என்பது 2012 வரை தெளிவாகவில்லை.

இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம் ஆய்வுக்கூடச் செல்களின் இயல்பே. கல்லீரல் புற்றுக்கட்டிகளிலிருந்து பெறப்பட்டு உலகெங்கும் வளர்க்கப்படும் ஹெப்ஜி2 போன்ற செல்களுக்குள் வைரஸின் டிஎன்ஏவைச் செலுத்தினால் அவை புதிய வைரஸ்களை உருவாக்கின. ஆனால் அதே செல்களின் மீது வைரஸை விட்டால் தொற்று ஏற்படவில்லை. பெய்ஜிங்கிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் நிறுவனத்தில் வென்ஹுய் லீ தலைமையில் இயங்கிய குழு, இவ்வைரஸ் தொற்றக்கூடிய மர மூஞ்சூறு என்னும் சிறு விலங்கின் கல்லீரல் செல்களை எடுத்துக்கொண்டு, வைரஸ் உறைப்புரதத்தின் ப்ரீ-எஸ்1 என்ற பகுதியிலிருந்து ஒரு துண்டை அமைத்து, அதனையே தூண்டில் இரையாகப் பயன்படுத்தியது. ஒளி பட்டவுடன் அருகிலுள்ள புரதத்தோடு நிலையாகப் பிணைந்துவிடும்படி அத்துண்டு வடிவமைக்கப்பட்டிருந்ததால், அதில் சிக்கிய புரதத்தைப் பிரித்தெடுத்து அடையாளம் காண முடிந்தது.

அவ்வாறு கிடைத்தது, என்டிசிபி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சோடியம் டாரோகோலேட் இணைக்கடத்திப் புரதம். கல்லீரலில் உருவாகும் பித்த உப்புகள் குடலுக்குச் சென்று கொழுப்பின் செரிமானத்துக்கு உதவிய பின் ரத்தத்தின் வழியே திரும்பிவருகையில், அவற்றைச் செல்லுக்குள் எடுத்துக்கொள்வதே இப்புரதத்தின் இயல்பான பணி. ஹெப்ஜி2 செல்களில் இப்புரதம் ஏறத்தாழ இல்லாததே அவற்றில் தொற்று ஏற்படாமைக்குக் காரணம். அதனை அவற்றில் உருவாகச் செய்ததும் அவை தொற்றுக்கு ஆளாயின.

வைரஸ் நேரடியாக என்டிசிபியை அடைவதில்லை. முதலில் செல் மேற்பரப்பிலுள்ள ஹெபரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் தளர்வாக ஒட்டிக்கொள்ளும் அது, பிறகு ப்ரீ-எஸ்1 பகுதியால் என்டிசிபியை உறுதியாகப் பற்றி, செல்சவ்வு உள்மடிந்து உருவாகும் நுண்பையின் வழியே உள்ளே செல்கிறது. ஹெப்படைட்டிஸ் டி வைரஸும், பி வைரஸின் உறையையே போர்த்திக்கொண்டு பரவுவதால், இதே ஏற்பியைப் பயன்படுத்துகிறது.

இவ்வளவு குறுகிய நுழைவழியைச் சார்ந்திருப்பது வைரஸின் பலவீனமும் ஆகும். ப்ரீ-எஸ்1 பகுதியைப் பின்பற்றி, 47 அமினோ அமிலங்களோடு ஒரு கொழுப்பு அமிலத்தையும் இணைத்து உருவாக்கப்பட்ட புலெவிர்டைட் என்னும் மருந்து, என்டிசிபியை முன்கூட்டியே பற்றிக்கொண்டு வைரஸுக்கு இடமின்றிச் செய்கிறது. ஹெப்படைட்டிஸ் டி நோய்க்கு இம்மருந்தைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் நிபந்தனையுடன் ஒப்புதல் வழங்கியது. இம்மருந்தால் ரத்தத்தில் பித்த உப்பின் அளவு உயர்கிறது என்பதும், ஏற்கெனவே செல்லுக்குள் நிலைபெற்ற பி வைரஸின் டிஎன்ஏவை இது நீக்குவதில்லை என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கவை. எனினும், நுழைவைத் தடுப்பதே சிகிச்சையாக முடியும் என்பதை இம்மருந்து மெய்ப்பித்திருக்கிறது.

ஹெப்படைட்டிஸ் சி வைரஸோ ஒரே ஏற்பியோடு நில்லாமல், சிடி81, கிளாடின்-1 முதலிய பல புரதங்களின் துணையோடு உள்ளே நுழைகிறது. அதன் வழிமுறை அடுத்த இதழில் ஆராயப்படும்.