கையால் கற்கும் வரலாறு

இங்கிலாந்து நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள சபோக் மாவட்டத்தில், லார்க் என்னும் சிற்றாற்றின் கரையில், வெஸ்ட் ஸ்டோ என்னும் ஊர் உளது. அங்கே மரத்தால் கட்டிக் கூரை வேய்ந்த வீடுகள் சில நிற்கின்றன. காண்போர் அவற்றைப் பன்னூறு ஆண்டுப் பழமை வாய்ந்தவை என்றே எண்ணுவர். ஆயினும் அவற்றுள் எதுவும் 1970ஆம் ஆண்டுக்கு முற்பட்டதன்று. ஏறக்குறையக் கி.பி. 420 முதல் 650 வரை அவ்விடத்தில் ஒரு சிற்றூர் இருந்தது. பிற்காலத்தில் காற்று வாரி இறைத்த மணல் அவ்விடத்தைப் போர்த்து மூடிற்று; மூடிய மணலே அதனைக் காத்தும் வைத்தது. 1965 முதல் 1972 வரை ஸ்டான்லி வெஸ்ட் என்னும் அகழ்வாய்வாளர் அம்மணலை அகற்றி, ஊரின் தடங்களை வெளிக்கொணர்ந்தார். அத்தடங்களைக் கொண்டே இன்றைய வீடுகள் எழுப்பப்பட்டன. ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகள் அங்கு வந்து, பார்த்துச் செல்வதோடு நில்லாமல், பழங்கால மக்கள் செய்த தொழில்களைத் தம் கையாலேயே செய்து பார்க்கின்றனர்.

அப்பழங்கால மக்கள் ஆங்கிலோ-சாக்சனியர் எனப்படுவர். கி.பி. 410ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் உரோமரின் ஆட்சி முடிவுற்றது. அதன்பின், இன்றைய ஜெர்மனியின் வடபகுதி, டென்மார்க்கு, நெதர்லாந்து ஆகியவற்றின் கடற்கரைகளிலிருந்து ஆங்கிலர், சாக்சனியர், சூட்டர் முதலிய இனத்தார் கடல் கடந்து வந்து குடியேறினர். ஆங்கிலரின் பெயராலேயே நாட்டிற்கு இங்கிலாந்து என்னும் பெயரும், மொழிக்கு ஆங்கிலம் என்னும் பெயரும் அமைந்தன. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் வெற்றி கொள்ளும்வரை இவர்களுடைய அரசுகள் நிலவின. இங்கிலாந்துப் பள்ளிகளில் 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இவர்தம் வரலாறு பாடமாக வைக்கப்பட்டுள்ளது.

இப்பாடத்தைக் கற்பிப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. உரோமர் கல்லாலும் செங்கல்லாலும் கட்டினர்; அவர்தம் மதில்களும் நீராட்டறைகளும் இன்றும் நிற்கின்றன. ஆங்கிலோ-சாக்சனியரோ மரத்தால் கட்டினர். மரம் மக்கி மண்ணாயிற்று. தூண் நின்ற குழியில் மண்ணின் நிறம் சற்றே கறுத்திருப்பது ஒன்றே எஞ்சிய அடையாளம். பொருட்காட்சிச்சாலையின் கண்ணாடிப் பேழையில், உடைந்த பானையோடும் பாசிமணியும் எலும்புச் சீப்பும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். சிறுவர் அவற்றை ஒரு நொடி நோக்கிவிட்டு அடுத்த பேழைக்கு ஓடுவர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. வழங்கும் முறை அறியாதவனுக்கு எந்தக் கருவியும் ஊமையே. இவ்வூமையைப் பேசவைக்கும் பொருட்டே பொருட்காட்சிச்சாலைகள் பயிற்சிப் பட்டறைகளை அமைத்துள்ளன.

சுட்ட களிமண்ணால் ஆகிய ஒரு வளையத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை அளவினது, நடுவே துளையுடையது. இதனைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, "இது யாது?" என்று வினவினால், ஒருவன் காப்பு என்பான், ஒருத்தி விளையாட்டு வண்டியின் சக்கரம் என்பாள், மீன்வலையின் குண்டு என்பாரும் உளர். விடையை உடனே கூறிவிடாமல் ஆசிரியர் அவர்களைத் தறியின் அருகே அழைத்துச் செல்வார். அத்தறி சுவரில் சாய்த்து வைக்கப்பட்ட நெடிய மரச்சட்டம். பாவு நூல்கள் மேற்கட்டையிலிருந்து கீழ்நோக்கித் தொங்குகின்றன. கீழ் நுனியில் பற்றுவதற்கு யாதும் இல்லாமையால் அவை துவண்டு ஒன்றோடொன்று சிக்குகின்றன; ஊடை நூலைச் செலுத்தவே இயலவில்லை. இரண்டொரு முறை முயன்று சலித்தபின், வளையத்தைக் கையில் வைத்திருக்கும் சிறுமி அதனை ஒரு கற்றைப் பாவின் நுனியில் கட்டுகின்றாள். நூல் விறைத்து நிற்கிறது. வளையம் யாது என்பதை அதன்பின் எவரும் அவளுக்குக் கூற வேண்டுவதில்லை.

நூல் நூற்பது அதனினும் கடினம். தக்களியைச் சுழலவிட்டு ஆட்டு மயிரை இழுத்தால், முதல்நாள் நூற்பவருக்கு நூல் ஓரிடத்தில் கயிறுபோல் தடித்தும் ஓரிடத்தில் அற்றும் போகும். அக்காலப் பெண்டிரின் புதைகுழிகளில் தக்களியின் வட்டுகள் அடிக்கடி கிடைக்கின்றன. அரைமணி நேரம் முயன்று ஒரு முழம் நூலும் தேறாத சிறுவன், தான் அணிந்துள்ள கம்பளிச் சட்டையைக் குனிந்து பார்ப்பான். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய ஆடை முழுவதையும் இவ்வாறு நூற்று நெய்தவர்களின் உழைப்பு எத்துணையது என்பதை எந்தப் புத்தகமும் அவனுக்கு இவ்வளவு விரைவில் உணர்த்தியிராது. நூலுக்குச் சாயம் ஏற்றுவதும் அவ்வாறே. வோடு என்னும் செடியின் இலையிலிருந்து அவர்கள் நீலம் எடுத்தனர். அவுரியில் உள்ள சாயப்பொருளே அதிலும் உளது. மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர் சிவப்பைத் தந்தது. அழுக்குப் படிந்த சாம்பல்நிற ஆடையினர் என்று படக்கதைகள் தீட்டிய மக்கள், உண்மையில் நிறங்களை விரும்பியவர்.

வீட்டைப் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. 1921ஆம் ஆண்டு முதல் சட்டன் கோர்ட்னி என்னும் ஊரில் ஈ. டி. லீட்ஸ் என்னும் அறிஞர் அகழ்ந்தபோது, சிறுசிறு பள்ளங்கள் பல வெளிப்பட்டன. அவற்றுள் எலும்பும் பானையோடும் குப்பையும் குவிந்திருந்தன. பள்ளமே வீட்டின் தரை என்று அவர் கருதினார். ஆகவே, இம்மக்கள் தாம் எறிந்த குப்பையின் நடுவிலேயே குடியிருந்தனர் என்னும் முடிவு எழுந்தது. அறிவிற் சிறந்த ஒருவர் கண்ணால் கண்டதைக் கொண்டு சொன்ன முடிவு அது. ஓர் இனம் முழுவதும் அதனால் நெடுங்காலம் பழி சுமந்தது.

வெஸ்ட் ஸ்டோவிலும் அத்தகைய பள்ளங்கள் ஏறத்தாழ 70 கிடைத்தன. அங்கே அறிஞர்கள் எழுத்தில் வாதிடுவதோடு அமையாமல், கட்டிப் பார்ப்பது என்று துணிந்தனர். பள்ளத்தையே தரையாகக் கொண்டு ஒரு வீடு கட்டப்பட்டது. பள்ளத்தின் மணற்கரைகள் சரிந்தன. நிலத்தைத் தொட்ட கூரை ஈரம் ஏறி நைந்தது. பள்ளத்தின்மேல் பலகை பரப்பித் தரையமைத்து, சுவர் எழுப்பி, மற்றொரு வீடும் கட்டப்பட்டது. அது உலர்ந்தும் உறுதியாகவும் நின்றது. மக்கள் நடமாடித் தேய்ந்த தடம் பள்ளங்களின் அடியில் காணப்படாமையும், எரிந்துபோன வீடுகளில் கருகிய பலகைகள் கிடைத்தமையும் இதனோடு பொருந்தின. பள்ளம் தரைக்கு அடியில் இருந்த வெற்றிடமே என்றும், அதில் கண்ட குப்பை பெரும்பாலும் வீடு அழிந்தபின் கொட்டப்பட்டது என்றும் இன்று அறிஞர் பலர் கொள்கின்றனர். பிள்ளைகள் இவ்விருவகை அமைப்பையும் அறிந்து, எது குடியிருக்கத் தக்கது என்று தமக்குள் வழக்காடுவர். அவர்கள் வழக்காடுவது அறிஞர் வழக்காடிய அதே பொருளைப் பற்றியே.

இங்கே ஒன்றை மறத்தல் கூடாது. பலகைத் தரையுள்ள வீடு நன்கு நின்றது என்பதனால், அவ்வாறு கட்டியிருக்கக்கூடும் என்பதே பெறப்படும். அவ்வாறே கட்டினர் என்பதற்கு மண்ணிலிருந்து கிடைக்கும் சான்று வேண்டும். கையின் அறிவு கண்ணின் அறிவைத் திருத்தவல்லது. எனினும் கையும் சில வேளை ஏமாற்றும். நல்ல பட்டறை ஆசிரியர், "இது நமக்கு எவ்வாறு தெரியும்?" என்னும் வினாவை ஒவ்வொரு செயலின் முடிவிலும் எழுப்புவார். அவ்வினா எழாத பட்டறைகளும் உண்டு. அங்கே மரவாளும் கேடயமும் ஏந்திய கூச்சலே மிஞ்சும். மாலையில் வீடு திரும்பும் சிறுவன், அக்கால மக்கள் எந்நேரமும் போரிட்டனர் என்று எண்ணிக்கொண்டே போவான். வாள் செல்வர் சிலரிடமே இருந்தது. பெரும்பாலோர் உழுது, ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர்.

அறிஞரும் செய்து பார்த்துத் தவறித் திருந்துவர் என்பதற்கு, அதே சபோக் மாவட்டத்தைச் சேர்ந்த சட்டன் ஹூ சிறந்த சான்றாகும். அங்கே எடித் பிரெட்டி என்னும் அம்மையாரின் நிலத்தில் மண்மேடுகள் பல இருந்தன. 1939ஆம் ஆண்டில் பேசில் பிரவுன் என்பவர் அவற்றுள் பெரியதொன்றை அகழ்ந்தபோது, 27 மீட்டர் நீளமுள்ள மரக்கலத்தின் தடம் வெளிப்பட்டது. மரம் முற்றும் கரைந்து போயிருந்தது. இருப்பாணிகள் மட்டும் தத்தம் இடத்தில் வரிசை பிறழாமல் கிடந்தன. கலத்தினுள் இருந்த செல்வங்களை அவ்வம்மையார் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலைக்குக் கொடையாக வழங்கினார். அவற்றுள் ஒரு தலைக்கவசம் நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கியிருந்தது. ஹெர்பர்ட் மேரியன் என்பவர் 1945-46இல் அத்துண்டுகளை இணைத்து உருவம் கொடுத்தார். அணிபவரின் முகத்தையும் கழுத்தையும் அது போதிய அளவு காக்கவில்லை என்று பின்னர்க் குறை கூறப்பட்டது. ஆதலால் நைஜல் வில்லியம்ஸ் என்பவர் 1970-71இல் அதனைப் பிரித்து, புதிதாக இணைத்தார். இன்று உலகம் அறிந்த வடிவம் அதுவே. அதே கலத்தில் கிடைத்த இசைக்கருவியும் முதலில் வேறொரு வகை யாழாக அமைக்கப்பட்டு, பின்னரே உரிய வடிவம் பெற்றது. உடைந்த பானையொன்றின் ஓடுகளைப் பொருத்த முயன்று பொருந்தாமல் வருந்தும் சிறுமிக்கு இச்செய்தியைக் கூறினால், அவள் முகம் தெளியும்.

அம்மக்களின் எழுத்துக்கள் ரூன் எனப்படும். ஒவ்வோர் எழுத்துக்கும் பொருளுடைய பெயர் உண்டு. ஒன்று முள் என்றும் மற்றொன்று எருது என்றும் பெயர் பெறும். அவை வளைவின்றி நேர்கோடுகளாகவே அமைந்திருப்பதன் காரணத்தை மரத்துண்டும் கூர்ங்கருவியும் உணர்த்திவிடும்; மரத்தில் வளைவாகக் கீறினால் கருவி வழுக்கி நார்வழியே ஓடுகிறது. எழுதுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே முதலில் கீறுதல் என்னும் பொருளில் வழங்கியது என்பர் மொழிநூலார். திரிகை சுற்றிக் கைசலித்த பிள்ளைகளிடம் வேறு இரு சொற்களையும் கூறலாம். தலைவனைக் குறிக்கும் லார்டு என்பது பழைய மொழியில் ரொட்டியைக் காப்பவன் என்றும், தலைவியைக் குறிக்கும் லேடி என்பது ரொட்டிமாவைப் பிசைபவள் என்றும் பொருள்பட்டன. காலை முழுதும் அரைத்தும் இரண்டு பிடி மாவே கண்டவர்களுக்கு, ரொட்டியைக் காப்பவன் தலைவனானது வியப்பாய் இராது.

பட்டறையின் இறுதிப் பணி பெரும்பாலும் சுவர் பூசுதலாக அமையும். கொம்புகளைப் பின்னிய படலின்மேல், களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்த கலவையைப் பிள்ளைகள் இரு பக்கமும் நின்று அறைகின்றனர். முழங்கை வரையில் சேறு. மாரிக்காலத்து மழையில் அச்சுவரின் ஒரு பகுதி கரைந்து விழும். அவ்விடத்தை மறுபடியும் பூசுவதற்கு, அடுத்த ஆண்டில் வேறொரு பள்ளியின் பிள்ளைகள் வருவர்.