கூலியில்லா வேலையும் விரும்பிச் செய்யும் தொண்டும்

எங்கள் பகுதிக் காலனியில் நடக்கும் மாலைநேரப் படிப்பகத்தில் சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "அக்கா, வெளிநாட்டுக்குப் போய் ஒரு வருசம் தன்னார்வலரா இருக்கலாமாமே. சம்பளம் கிடையாதாம். எங்கள மாதிரி பிள்ளைங்க போக முடியுமா?"

நான் வாய் திறப்பதற்குள், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவளுடைய ஆயா முந்திக்கொண்டார். "சம்பளமில்லாத வேலையா? அதைத்தான் தலைமுறை தலைமுறையா இங்கயே செஞ்சு முடிச்சிட்டமே. அதுக்கு எதுக்குடி கப்பலேறணும்?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால், சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடிய கேள்வியா அது?

சாவுச் சேதி சொல்ல ஊர் ஊராக நடப்பது, செத்த மாட்டை இழுப்பது, ஊர்ப் பொது வேலைக்குக் கூப்பிட்ட நேரத்தில் ஓடுவது. இதற்கெல்லாம் நம் முன்னோர் கூலி கேட்க முடியாது. மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. வெட்டி வேலை என்றார்கள். திருவிதாங்கூரில் இத்தகைய கட்டாய உழைப்புக்கு 'ஊழியம்' என்றே பெயர். 'தொண்டு' என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் அங்கும் அடிமைத்தனம் என்ற பொருள் இருக்கிறது. கூலியில்லாக் கட்டாய வேலையை அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்த பிறகும், "தொண்டு செய்ய வா" என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயமே.

வெளிநாட்டுத் தன்னார்வப் பணி என்பது நெடுங்காலம் ஒருவழிப் பாதையாகவே இருந்தது. பணக்கார நாட்டு இளைஞர்கள் ஏழை நாடுகளுக்கு வந்தார்கள். 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடி 'அமைதிப் படை'யைத் தொடங்கினார். கல்லூரி முடித்த இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் வேறொரு நாட்டில் பணிபுரிய வேண்டும். இந்தியாவுக்கும் 1961 முதல் 1976 வரை வந்தார்கள். பள்ளிகளிலும் கோழிப் பண்ணைத் திட்டங்களிலும் வேலை செய்தார்கள்.

அந்த முதல் ஆண்டிலேயே நைஜீரியாவின் இபாடான் நகரில் ஒரு சம்பவம் நடந்தது. பயிற்சிக்காக அங்கிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் தங்கியிருந்த 23 வயது மார்ஜரி மிச்செல்மோர், ஊரிலிருந்த தோழருக்கு ஓர் அஞ்சல் அட்டை எழுதினார். இங்கே மனிதர்கள் தெருவிலேயே சமைக்கிறார்கள், விற்கிறார்கள், வெளிக்குப் போகிறார்கள் என்ற வகையில் இருந்தது செய்தி. அட்டை வழியில் தவறி விழுந்து நைஜீரிய மாணவர் ஒருவர் கையில் கிடைத்தது. படி எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். விடுதலை பெற்று ஓராண்டே ஆன நாடு; மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். அமெரிக்கத் தன்னார்வலர்களை வெளியேற்று என்று கண்டனக் கூட்டம் போட்டார்கள். மார்ஜரி மன்னிப்புக் கேட்டு நாடு திரும்பினார். மற்றவர்கள் தங்கிப் பணியைத் தொடர்ந்தார்கள்.

மார்ஜரி கெட்ட எண்ணத்தோடு போனவர் அல்ல. பார்த்ததைத்தான் எழுதினார். ஆனால், அந்தத் தெருவில் வாழ்பவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்த வலி நமக்குப் புதிதல்ல. நம் தெருவுக்கு வந்து குடிசையையும் சாக்கடையையும் மட்டும் படம் எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர்! உதவ வந்தவரின் படத்தில் நம் பிள்ளையின் மூக்குச்சளி இருக்கும். அவன் எழுதிய கணக்கு இருக்காது. இபாடான் மாணவர்கள் கேட்ட மரியாதையைத்தான் நாமும் கேட்கிறோம்.

நல்லெண்ணம் வியாபாரமானால் இன்னும் ஆபத்து. கம்போடியாவில் அநாதை இல்லங்கள் என்ற பெயரில் இயங்கியவற்றில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. பிள்ளைகளோடு சில வாரம் விளையாடப் பணம் கட்டி வரும் வெளிநாட்டு இளைஞர்கள் இருக்கும்வரை, ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிரப்ப ஆளிருக்கும். 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று இப்படிக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கடத்துவதை நவீன அடிமைமுறைப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசியது.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். ஜெர்மனியைப் பாருங்கள். பள்ளி முடித்த இளைஞர்கள் ஓராண்டு சமூகப் பணி செய்ய அங்கே 1964 முதல் சட்டம் இருக்கிறது. 2011இல் கட்டாய ராணுவ சேவை நிறுத்தப்பட்டபோது, கூட்டாட்சித் தன்னார்வப் பணி என்ற இன்னொரு திட்டமும் வந்தது. முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறார்கள், முதியவர்களைக் குளிப்பாட்டிவிடுகிறார்கள், மாற்றுத்திறனாளிகளுக்குச் சோறூட்டுகிறார்கள். டாக்டர் மகனும் செய்கிறான், லாரி ஓட்டுநர் மகளும் செய்கிறாள். இங்கே அழுக்கைத் துடைக்கும் வேலை பிறப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அங்கே ஒருவர் ஓராண்டு அதைச் செய்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகிறார். யாரும் அவரைத் தீட்டு என்று தள்ளிவைப்பதில்லை.

2008இல் ஜெர்மன் அரசு தொடங்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டம் முதலில் அந்நாட்டு இளைஞர்களை மட்டும் வெளியே அனுப்பியது. ஒருவழிப் பாதைதானே இது என்ற விமர்சனம் எழுந்தது. 2013 முதல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் இளைஞர்களும் ஜெர்மனிக்குப் போய்ப் பணிபுரிய வழி திறந்தது. வயது 18 முதல் 28 வரை. தங்குமிடம், உணவு, காப்பீடு, கைச்செலவுப் பணம் உண்டு. ஓராண்டுப் பணியில் 25 நாள் பயிற்சி வகுப்புகள் உண்டு. குளிர், மொழி, தனிமை, சில இடங்களில் நிறவெறி, இவையும் உண்டு. விசா கிடைக்காமல் ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் பான் நகரில் தலைமையகம் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்பும் இளைஞர்களைச் சேர்க்கிறது. அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது.

எனவே மாணவர்களே, யாராவது "வெளிநாட்டில் தொண்டு செய்ய இவ்வளவு லட்சம் கட்டு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எங்கே தங்குவது, நோய் வந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்த வேலை அங்குள்ள ஓர் ஏழையின் கூலியைப் பறிக்கிறதா என்றும் கேளுங்கள்.

இதையெல்லாம் அந்த மாணவிக்குச் சொல்லி முடித்தபோது ஆயாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிடிக்கலன்னா, மாட்டேன்னு சொல்லிட்டு வந்துடலாமா?"

"வந்துடலாம் ஆயா. ஒப்பந்தத்துலேயே அது இருக்கணும்" என்றேன்.

"அப்ப போவட்டும். எங்களுக்கு அது ஒண்ணுதான் இல்லாம இருந்தது."

அடுத்த வாரம் அந்த மாணவி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.