மௌனத்தில் அமரத் தொடங்குவோர்க்கு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோருக்கு மௌனம் எளிதிற் கிட்டுவதில்லை. விடியுமுன்னே படகுகளின் இயந்திர ஒலி. அதனைத் தொடர்ந்து கோவில் மணி, பள்ளிவாசலின் பாங்கொலி, மீன் வியாபாரிகளின் கூவல். இத்தகைய ஊரில், தவக்கால மறையுரையொன்றில், நாள்தோறும் சிறிது நேரம் இறைவனோடு மௌனமாய் அமர்ந்திருங்கள் என்று கூறினேன். கூறுவது எளிது.

மறுவாரம் ஒரு தாய் வந்தார். “சுவாமி, நீங்கள் சொன்ன மாதிரி இருந்து பார்த்தேன். செபமாலை எத்தனையும் சொல்லுவேன். சும்மா இருந்தால் போன பிள்ளையின் முகம்தான் வருகுது. என்னால் ஏலாது” என்றார். என் மறையுரையில் அதற்கு விடை இருக்கவில்லை.

தியானம் தொடங்குவோர் பலர் இடறும் இடம் இதுவே. மனம் அமைதியுறும் என்று எதிர்பார்த்து அமர்கிறோம்; அதுவரை வேலைகளால் மூடி வைத்திருந்தவை எழுந்து வருகின்றன. ஒருவருக்குக் கடன், இன்னொருவருக்கு மகளின் திருமணம். போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்டவர்களுக்கோ அவற்றினும் பாரமானவை. மூன்றாம் நாளே, எனக்குத் தியானம் வராது என்று எழுந்துவிடுகிறோம். குருமடத்தில் காலைத் தியான வேளையில் நான் உறங்கி விழுந்த நாட்களை எண்ணினால், பிறரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை.

அவிலா புனித தெரேசாவும் நம்மைப் போன்றே தவித்தவர். செபத்திற்கென ஒதுக்கிய மணிநேரம் எப்போது முடியும் என்று கடிகார ஒலிக்குச் செவிசாய்த்திருந்த ஆண்டுகள் பல உண்டெனத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒளிவின்றி எழுதியுள்ளார். செபத்தின் ஆசிரியையாகப் போற்றப்படும் அவரை, 1970இல் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்தது.

நமக்கு இன்னும் அண்மையான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1950களின் நடுப்பகுதியில் மலாயாவில் அரச பணியாற்றிய ஜோன் மெயின் என்னும் இளம் கத்தோலிக்கர், கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நடத்திய சுவாமி சத்தியானந்தாவைச் சந்தித்தார். கிறிஸ்தவனாகிய நான் உம்மிடம் தியானம் கற்கலாமா என்று அவர் வினவ, அது உம்மை இன்னும் நல்ல கிறிஸ்தவனாக்கும் என்னும் கருத்தில் சுவாமி விடையளித்தார். கற்பித்ததோ மிகச் சிறிது: காலையும் மாலையும் அரை மணிநேரம் அமர்வது, தன் விசுவாசத்திற்குரிய ஒரு சொல்லை உள்ளத்தில் இடைவிடாது சொல்வது. மெயின் பின்னர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானபோது, இம்முறையைக் கைவிடும்படி பணிக்கப்பட்டுக் கீழ்ப்படிந்தார். பல ஆண்டுகளின் பின், பண்டைய பாலைநிலத் துறவியரின் போதனையைப் பதிவுசெய்த யோவான் கசியானின் நூலில் அதே வழியைக் கண்டு வியந்தார். 1975இல் இலண்டனில் பொதுநிலையினருக்குக் கற்பிக்கலானார். அவர் தெரிந்துகொண்ட சொல், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் இறுதியில் வரும் ‘மாரனாத்தா’.

ஆனால் அரை மணிநேரத்தோடு தொடங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து நிமிடம் போதும். நேரமும் இடமும் மாறாதிருக்கட்டும். அடுப்பு மூட்டுமுன், அல்லது பிள்ளைகள் உறங்கிய பின். முதுகை நிமிர்த்தி அமருங்கள். பாயிலும் அமரலாம், நாற்காலியிலும் அமரலாம். ‘இயேசுவே’ என்ற ஒரே சொல்லை மூச்சோடு மெதுவாகச் சொல்லுங்கள். மனம் ஓடும். ஓடியதைக் கண்டதும் கோபமின்றி அச்சொல்லுக்குத் திரும்புங்கள். நங்கூரமிட்ட வள்ளமும் காற்றுக்கு அசைகிறது. ஆயினும் கயிற்றின் எல்லையை மீறி அது அள்ளுண்டு போவதில்லை. ஐந்து நிமிடத்தில் ஐம்பது முறை திரும்பியிருந்தால், அந்த ஐம்பதும் செபமே. ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். தவறியதை ஈடுசெய்ய நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டாம்.

எழும் நினைவு தாங்கொணாததாயின் கண்களைத் திறந்து, எழுந்து நடவுங்கள். தனிமையில் போராட வேண்டாம். நம்பத்தகுந்த ஒருவரிடம், தேவையாயின் மருத்துவரிடமும், பேசுங்கள். அது விசுவாசக் குறைவன்று.

அந்தத் தாயிடமும், தாமதமாகவேனும், இவ்வளவே சொன்னேன். இப்போது அவர் மாலையில் மெழுகுதிரி ஏற்றி, கண்களை மூடாமல், சுடரைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் அமர்கிறார். மகனின் முகம் இன்னும் வருகிறதா என்று கேட்டேன்.

“வருகுது சுவாமி. அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”