தோளில் ஒரு கூடுதல் மூட்டு

மேலடுக்கில் உள்ள புத்தகத்தை எடுப்பதற்கும் பூப்பந்தை ஓங்கி அடிப்பதற்கும் கையைத் தலைக்கு மேலே உயர்த்த வேண்டும். எளிதாகத் தோன்றும் இச்செயலில் மூன்று எலும்புகள் சேர்ந்து இயங்குகின்றன. கை முழுமையாக மேலே செல்ல ஏறத்தாழ 180 பாகை உயர வேண்டும். அதில் சுமார் 120 பாகை, மேற்கை எலும்பு தோள்குழியில் சுழல்வதால் கிடைக்கிறது. எஞ்சிய 60 பாகை, மேல்முதுகில் உள்ள தோள்பட்டை எலும்பு திரும்புவதால் கிடைக்கிறது. அப்போது, கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பும் உடன் அசைகிறது.

தோள்பட்டை எலும்பின் முன்புறத்தில், காக்கையின் அலகைப் போல் வளைந்த முனை ஒன்று உண்டு. அது காறை எலும்புக்குக் கீழே அமைந்துள்ளது. பெரும்பாலோருக்கு இவ்விரண்டின் இடையே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி இருக்கும். வலுவான தசைநார்கள் அவற்றை இணைத்திருக்கும். ஆனால், சிலருக்கு அவ்விடத்தில் குருத்தெலும்புடன் கூடிய ஒரு மூட்டே அமைந்துவிடுகிறது.

இது நோயன்று; உடலமைப்பில் காணப்படும் ஒரு வேறுபாடே ஆகும். இம்மூட்டு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்த வலியும் ஏற்படுவதில்லை. வேறு காரணத்திற்காக ஊடுகதிர்ப் படம் எடுக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

எனினும், மிகச் சிலருக்கு இம்மூட்டு தொல்லை தருகிறது. இரண்டு எலும்புகளும் நெருக்கமாகப் பிணைக்கப்படுவதால் அவற்றின் அசைவு குறையலாம். மூட்டு தேய்ந்து, கையை உயர்த்தும்போது வலிக்கலாம். கைக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் இவ்விடத்திற்கு அருகில் உள்ளன. அவை அழுத்தப்பட்டால் கை மரத்துப்போகலாம்.

இவ்வலியின் காரணத்தைக் கண்டறிவது எளிதன்று. தோள்வலி பெரும்பாலும் தசைப்பிடிப்பு, தசைநாண் காயம், கழுத்து நரம்புப் பாதிப்பு போன்றவற்றால்தான் வருகிறது. ஆகவே, மருத்துவர் முதலில் வலி எப்போது, எங்கே தோன்றுகிறது என்று கேட்டறிவார். கையைப் பல திசைகளில் அசைத்துப் பார்ப்பார். பிறகு ஊடுகதிர்ப் படமும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்.

படத்தில் கூடுதல் மூட்டு தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. அந்த மூட்டு வலியற்றதாக இருக்கலாம். வலி வேறோர் இடத்திலிருந்து வரலாம். அந்நிலையில் அறுவைச் சிகிச்சை செய்தாலும் வலி நீங்காது. இதைத் தவிர்க்க, மருத்துவர் மரப்பு மருந்தைச் சிறிதளவு அம்மூட்டுக்குள் ஊசிவழி செலுத்துவார். வலி உடனே தணிந்தால், காரணம் அம்மூட்டாகவே இருக்க வாய்ப்பு அதிகம். தணியாவிட்டால், வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

சிகிச்சை எளிய வழிகளிலிருந்தே தொடங்குகிறது. ஓய்வு, வலிநீக்கி மருந்து, இயன்மருத்துவப் பயிற்சி ஆகியவை முதலில் பரிந்துரைக்கப்படும். தேவையானால், அழற்சியைக் குறைக்கும் மருந்து மூட்டுக்குள் செலுத்தப்படும். இவற்றால் பயன் கிட்டாதபோதே அறுவைச் சிகிச்சையின் மூலம் கூடுதல் எலும்புப் பகுதி அகற்றப்படும்.

போட்டியில் இடம் பறிபோய்விடுமோ என்று அஞ்சித் தோள்வலியை மறைக்கும் மாணவர்கள் உண்டு. வலி பல வாரங்கள் நீடித்தாலோ கை மரத்துப்போனாலோ, அதைப் பெற்றோரிடமும் பயிற்றுநரிடமும் தெரிவித்து மருத்துவரைக் காண வேண்டும். வலி தோன்றும் நேரத்தையும் இடத்தையும் நோயாளி தெளிவாகச் சொன்னால், காரணத்தைத் தேடும் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.