பெரிய பட்டமா, அடங்குகிற பட்டமா?

நார்வேயின் ஹார்டங்கர்விட்டா பீடபூமியில், குளிர்காலம் முடிகிற நேரத்தில் ‘ராக்நராக்’ என்ற போட்டி நடக்கும். கண்ணுக்கு எட்டிய வரை வெண்பனி. அதற்கு மேல் நூற்றுக்கணக்கான வண்ணப் பட்டங்கள் ஒரே நேரத்தில் எழும். ஒவ்வொன்றின் கீழும் ஸ்கீ கட்டையிலோ பலகையிலோ ஓர் ஆள். இன்ஜின் கிடையாது, இழுக்க நாய்கள் கிடையாது, இறங்கிச் சறுக்கச் சரிவுகூட வேண்டாம். காற்று இழுக்கிறது, ஆள் போகிறார். மேட்டில் ஏறியும் போகிறார்!

இதற்குப் பெயர் ஸ்நோகைட்டிங். இதையே கடலில் செய்தால் கைட்போர்டிங். இந்த வீடியோக்களைப் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “எவ்ளோ பெரிய பட்டம்?” இரண்டாவது, “என்ன விலை?” விலையைச் சொல்லிவிடலாம். புதிதாக ஒரு முழு செட் லட்சத்துக்கு மேல். ஆனால், இந்த விளையாட்டில் பழகியவர்கள் முதலில் பார்ப்பது அளவும் இல்லை, விலையும் இல்லை. நிறுத்த நினைக்கிற நொடியில் இந்தப் பட்டம் எவ்வளவு அடங்கும் என்பதைத்தான்.

ஓர் அறையைத் தூக்கிப் பறக்கவிடுவது போல

இந்தப் பட்டங்களைச் சதுர மீட்டரில் அளக்கிறார்கள். 10 சதுர மீட்டர் என்றால், நம் வீட்டில் பத்துக்குப் பதினொன்று அறை இருக்கிறதே, ஏறக்குறைய அதன் தரை அளவுத் துணி. அதை 20 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள நான்கைந்து கயிறுகளில் கட்டி, இடுப்பில் மாட்டிய ஹார்னஸில் கொக்கி போட்டுக்கொள்கிறார்கள்.

இழுப்பு, பட்டத்தின் பரப்பைப் பொறுத்து நேராகக் கூடும். காற்றின் வேகத்தைப் பொறுத்தோ இருமடி விகிதத்தில் கூடும். அதாவது, 20 கிலோமீட்டர் வேகக் காற்று 40 ஆனால், இழுப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். மலை ஓரத்திலும் மழை மேகத்துக்கு முன்னாலும் காற்று இப்படி ஒரு நிமிடத்துக்குள் மாறிவிடும். பெரிய பட்டத்தோடு நின்றவர் தரையைவிட்டுத் தூக்கப்பட்டு, சுவரிலோ பாறையிலோ மோதுவது இப்படித்தான்.

ஆரம்ப கால கடல் பட்டங்கள் ஆங்கில ‘சி’ எழுத்து வடிவில் வளைந்திருக்கும். கைப்பிடியான பாரை விட்டாலும் அவற்றில் கணிசமான இழுப்பு மிச்சம் இருக்கும். 2005 வாக்கில் ‘போ கைட்’ வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பாரை முழுக்கத் தள்ளினால் இழுப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும்படி அது அமைந்தது.

அது எப்படி என்று கேட்டால், காற்றடிக்கும்போது உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். காற்றுக்கு எதிரே நிமிர்த்தினால் கையைப் பின்னால் தள்ளும். தட்டையாகப் படுக்கவைத்தால் காற்று மேலும் கீழுமாக வழுக்கிப் போய்விடும். பாரைத் தன் பக்கம் இழுத்தால் பட்டம் நிமிர்கிறது, தள்ளினால் படுக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். அதிலும் அடங்காவிட்டால், அவசர ரிலீஸைத் தள்ளினால் பட்டம் ஒற்றைக் கயிற்றில் கொடி போலத் தொங்கிவிடும். அதற்கும் அடங்கவில்லையென்றால் அந்தக் கயிற்றையும் கழற்றிவிட வேண்டியதுதான். பட்டம் போனால் போகட்டும்.

காற்றடைத்ததும் காற்றைக் குடிப்பதும்

சந்தையில் இருப்பவை முக்கியமாக இரண்டு ஜாதி.

ஒன்று, முன்விளிம்பில் டியூப் வைத்துப் பம்பால் காற்றடிக்கும் பட்டம். பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகேன்யூ சகோதரர்கள் 1984-ல் காப்புரிமை கோரிய வடிவம். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காது, மறுபடி அங்கிருந்தே எழுப்பலாம் என்பதுதான் அவர்கள் யோசனையின் உயிர். கடையில் விற்கும் பொருளாக அது பரவ 1990-களின் பிற்பகுதி வரை ஆனது. மேலே சொன்ன ‘போ கைட்’டும் இதே புருனோவின் வேலைதான்.

இன்னொன்று ஃபாயில். டியூப் இல்லை, பம்ப் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு துணி, நடுவில் வரிசையாக அறைகள். முன்வாய் வழியாகக் காற்றே உள்ளே புகுந்து அதை இறக்கை போல உப்பவைக்கும். பாராகிளைடரும் இதே குடும்பம்தான். இரண்டுக்கும் மூலம், 1960-களில் அமெரிக்காவின் டொமினா ஜால்பர்ட் உருவாக்கிய பாராஃபாயில்.

ஒரே அளவில் இரண்டையும் வைத்துப் பார்த்தால், மெல்லிய காற்றில் ஃபாயிலின் கைதான் ஓங்கும். எடை குறைவு, இழுக்கும் திறன் அதிகம். ஆனால், பெரிய ஃபாயில் மெதுவாகத்தான் திரும்பும். காற்று திடீரென விட்டுவிட்டு அடித்தால் முன்பக்கம் மடங்கிக் குழையவும் கூடும். டியூப் பட்டம் விறைப்பாக இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

பனியில் ஃபாயில்தான் ராஜா என்பேன். உறைகிற குளிரில் பம்ப் அடிக்க வேண்டாம், ஸ்கீ விளிம்பு பட்டுக் கிழிய டியூபும் இல்லை. மடித்தால் முதுகுப் பைக்குள் அடங்கும். நார்வேயின் பொர்கே ஒஸ்லான் 1996-97-ல் அண்டார்க்டிகாவைத் தனியாளாக 64 நாட்களில் கடந்தார். சுமார் 2,800 கிலோமீட்டர். காற்று வாய்த்த நாட்களில் அவரையும் அவரது ஸ்லெட்ஜையும் இழுத்தது மடித்து வைக்கக்கூடிய பாய்தான்.

கடலில் கதை தலைகீழ். திறந்த வாயுள்ள ஃபாயில் தண்ணீரில் விழுந்தால், நனைந்த ஜமுக்காளம்தான்! வாயில் வால்வு வைத்த மூடிய ஃபாயில் கொஞ்ச நேரம் தாங்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் முதன்முறையாக இந்த விளையாட்டு சேர்க்கப்பட்டபோது வீரர்கள் பிடித்தது அந்த வகையைத்தான். ஆண்கள் பிரிவில் 23 சதுர மீட்டர் வரை போகும். சிங்கப்பூருக்கு அதில் வெண்கலம் வாங்கித் தந்த மேக்ஸ் மேடருக்கு அப்போது வயது 17. பதக்கம் வந்த ஆகஸ்ட் 9, சிங்கப்பூரின் தேசிய தினம்! ஆனால், அந்த அளவைப் பார்த்துப் புதியவர் ஆசைப்படக் கூடாது. சுற்றிலும் மீட்புப் படகுகள் நிற்க, வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். கடலில் கற்பவருக்கு டியூப் பட்டமே சரி. நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் மிதவையாகவும் உதவும்.

அளவு விஷயத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 75 கிலோ எடையுள்ளவர் 28 கிலோமீட்டர் வேகக் காற்றில் கடல் பலகையில் போக, தோராயமாக 12 சதுர மீட்டர் பட்டம் கேட்பார். பனியில் அவருக்கே 8, 9 போதும். தண்ணீரைப் பிளந்து போகும் தடை பனியில் இல்லையே!

“குளிர்க்காற்று அடர்த்தி அதிகம், அதனால் பனியில் இழுப்பும் அதிகம்” என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். பாதிதான் சரி. மைனஸ் 10 டிகிரி காற்று, நம்மூர் 30 டிகிரி காற்றைவிட 15 சதவிகிதம் அடர்த்தியானது. உண்மைதான். ஆனால், ஹார்டங்கர்விட்டா போன்ற இடங்கள் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. உயரத்தால் குறைவதும் குளிரால் கூடுவதும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். கணக்குப் போட்டால், அங்கே அடிக்கும் காற்றும் ராமேஸ்வரம் காற்றும் அடர்த்தியில் ஒன்றுதான்!

கற்றுக்கொள்ள ஆசையா?

ராமேஸ்வரத்தைச் சும்மா இழுக்கவில்லை. ஆழமில்லாத கடலும் இரண்டு பருவக் காற்றும் வாய்த்த அங்கே கைட்போர்டிங் சொல்லித் தருகிறார்கள். இலங்கையின் கற்பிட்டி இன்னும் பிரபலம். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குக் காற்று நிற்காமல் அடிக்கும்.

முதல் நாளே 12 சதுர மீட்டரைக் கையில் கொடுக்கும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். 2, 3 சதுர மீட்டர் பயிற்சிப் பட்டத்தைக் கரையில் நின்று ஓட்டவைத்துத்தான் தொடங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ரிலீஸைத் தொட்டு எடுக்கும் அளவுக்குக் கை பழக வேண்டும். இன்னொன்று, இழுப்பில் விறைத்திருக்கும் கயிறு மாஞ்சா இல்லாமலே சதையை அறுக்கும். பட்டம் ஏறும் இடத்தில் குழந்தைகளை நிறுத்தி போட்டோ எடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-க்கு முந்தைய ‘சி’ வடிவப் பட்டம் சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம். மற்றவற்றில் துணியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் டியூபில் காற்றடித்து, ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் துவண்டிருந்தால் கசிவு. கயிறுகளை நான்கையும் ஒரே ஆணியில் மாட்டி நீளம் சமமா என்று பாருங்கள். கடைசியாக அவசர ரிலீஸ். அதில் உப்பும் மணலும் அடைந்து இறுகியிருக்கும். விற்பவர் முன்னாலேயே நாலைந்து முறை இயக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.