கொள்முதல் நிலையம் யாருக்காக?

தஞ்சை மாவட்டத்தில் குறுவை அறுவடை முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் மழை முந்திக்கொண்ட ஆண்டுகளில் நடப்பது ஒன்றே. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதும் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் கொள்முதல் நிற்கிறது. 22 சதவீதம் வரை தளர்த்தும்படி மாநிலம் கேட்கிறது, மத்தியக் குழு வருகிறது, மாதிரி எடுத்துப் போகிறது. பதில் வருவதற்குள் சாலையோரக் குவியல் முளைவிட்டுவிடுகிறது. ஐப்பசியில் டெல்டாவில் மழை பெய்யும் என்ற அறிவை வைத்து நிரந்தரமாக ஒரு விதி எழுத இத்தனை ஆண்டுகள் போதவில்லை. யாருக்கும் விவரம் தெரியாததால் அல்ல. 17க்கு மேல் வாங்கினால் தணிக்கையில் கேள்வி வரும். வாங்காமல் நெல் முளைத்தால் எந்தக் கோப்பிலும் கேள்வி வராது. உழவரைக் காக்க எழுந்த அமைப்பு, வயது ஏற ஏறத் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகுவது இந்த இடத்தில்தான்.

இதில் கெட்ட மனிதர்களைத் தேடிப் பயனில்லை. 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ சிப்பம், கோடை வெயிலில் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 38.6 கிலோதான் நிற்கும். லாரி வந்து கிடங்குக்கு ஏற்றிச் செல்லும்வரை மூட்டைகள் திறந்தவெளியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. எடைக் குறைவு ஓர் அளவுக்கு மேல் போனால் அது நிலையத்தின் பட்டியல் எழுத்தர் தலையில் விழுகிறது. அவரோ பருவகாலப் பணியாளர். அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. அவர் என்ன செய்வார்? தராசில் முன்கூட்டியே கொஞ்சம் கூட்டி வாங்குவார். மூட்டைக்கு ஒரு கிலோ கூடினால் 100 சிப்பத்துக்கு ஒரு குவிண்டால் ஆகிறது. 2025-26 பருவத்துக் கொள்முதல் விலையில் சுமார் 2,500 ரூபாய் உழவர் கையைவிட்டுப் போகிறது. கூலி போதாத சுமைப்பணித் தொழிலாளியும் உழவரிடமே கை நீட்டுகிறார். மேலே உள்ளவர் தன் பொறுப்பைக் கீழே தள்ள, கீழே உள்ளவர் இன்னும் கீழே தள்ள, தள்ளுவதற்கு ஆள் இல்லாமல் நிற்பவர் உழவர் ஒருவரே.

பதவி, நாளடைவில் அதில் இருப்பவருக்கே உழைக்கத் தொடங்கும் என்பதைச் சோழர் காலத்தவர் அறிந்திருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் (919, 921) குடவோலைக்காக மட்டுமே கொண்டாடுகிறோம். என் கண்ணுக்கு அவற்றின் தடைகள்தான் பெரிதாகப் படுகின்றன. ஊர்ச் சபையின் வாரியத்தில் ஓராண்டு இருந்தவர் அடுத்த மூன்றாண்டு வர முடியாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் வர முடியாது. ஏரி வாரியத்துக்கும் இதே கட்டுப்பாடுதான். அந்தச் சபை எல்லோருக்கும் உரியதாக இல்லை என்பது உண்மை. அதனால் அந்த எச்சரிக்கையின் மதிப்பு குறையவில்லை. நம் காலத்தில், பெரும்பாலும் ஒரே குடும்பங்களில் தங்கிப்போன கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980இல் அரசு ஒழித்தது. ஆள் மாறினார். அவர் எழுதிவந்த நிலப் பதிவேடுகளான சிட்டாவும் அடங்கலும் மாறவில்லை.

அந்தக் காகிதம்தான் இன்று கொள்முதல் நிலையத்தில் நெல்லை விற்கும் உரிமை. கோயில் நிலங்களும் மடத்து நிலங்களும் நிறைந்த டெல்டாவில் வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்வோர் ஏராளம். குத்தகையாளர் பெயரைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்தும் பலர் பதிவேட்டுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். காகிதம் கேட்காவிட்டால் வியாபாரி வெளியூர் நெல்லைக் கொண்டுவந்து கொட்டிவிடுவார் என்கிறார்கள். ஆனால் காகிதம் தேடுவதில் வியாபாரிக்குக் கஷ்டம் இல்லை. காகிதம் இல்லாத குத்தகையாளர்தான் தன் நெல்லைக் களத்திலேயே குறைந்த விலைக்கு அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். இந்த நிலையங்கள் இல்லாவிட்டால் வியாபாரி வைத்ததே விலை என்ற வாதமும் உண்டு. அது சரி, அதனால்தான் இவை கெடக்கூடாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது காத்திருப்பு. இத்தனை லட்சம் டன் வாங்கினோம், இத்தனை கோடி கொடுத்தோம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் கணக்கு வருகிறது. நிலையத்துக் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு உழவர் எத்தனை இரவு காவல் இருந்தார் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. இணையப் பதிவு வந்ததும் தாமதம் தீர்ந்தது என்கிறார்கள். இணையம் முன்பதிவைக் காட்டும், விற்பனையைக் காட்டும். குவியல் வந்து இறங்கிய நாளைக் காட்டாது. அந்த ஒரு தேதி ரசீதில் ஏறினால், சாக்கு வராத நாளும் லாரி வராத நாளும் யார் பொறுப்பில் கழிந்தன என்று கேட்க முடியும். பத்து நாள் நனைந்த நெல்லுக்கு ஈடு கோரவும் உழவர் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய பதவியும் வேண்டாம். இருக்கும் படிவத்தில் ஒரு கட்டம் போதும். அதைச் சேர்க்கும் அதிகாரம் உள்ளவர்களின் மேஜையில் அந்தப் படிவம் ஒவ்வொரு பருவமும் ஏறி இறங்குகிறது.