பிள்ளைக்கு 18 வயதாகும் முன்னே



நம் ஜமாஅத்தில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்கள் சிறியவர்களாக இருக்கும்போது டாக்டர், பயிற்சி, சிறப்புப் பள்ளி என்று வாப்பாவும் உம்மாவும் அலையாத இடமில்லை. பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயது ஆனதும் அந்த அலைச்சல் நின்றுவிடுகிறது. "நாங்க இருக்கிற வரைக்கும் பார்த்துக்குவோம், அதுக்குப் பிறகு அல்லாஹ் இருக்கான்" என்ற சொல்லை எங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறோம். அதில் ஈமான் இருக்கிறது. ஆனால் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது.

முதலில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். நம் நாட்டுச் சட்டப்படி 18 வயது முடிந்தவர் எல்லோரும் மேஜர். பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது, பேச வராது என்றாலும் மேஜர்தான். அன்று முதல் வாப்பாவின் கையெழுத்து பிள்ளையின் கையெழுத்துக்கு ஈடாகாது. பிள்ளை பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, மனை, வீட்டுப் பங்கு எதைத் தொட்டாலும் "சட்டப்படி கார்டியன் யார்?" என்று கேட்பார்கள். மார்க்கச் சட்டத்தில் சம்பாதிக்க இயலாத மகனின் பராமரிப்பு, அவன் பருவமடைந்த பிறகும் தகப்பன் மீது கடமைதான். கடமை தொடர்கிறது, கையெழுத்து அதிகாரம் மட்டும் நின்றுவிடுகிறது. இதை அறியாமல், பெரியவர் மௌத்தான பிறகு சொத்தைப் பிரிக்க முடியாமல் வருடக்கணக்கில் நிற்கும் குடும்பங்கள் உண்டு.

இதற்காகவே 1999இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு பிரிவினருக்கு இது பொருந்தும். மாவட்டத்தில் இதற்கென ஒரு உள்ளூர்க் குழு உண்டு. கலெக்டர் தரத்திலுள்ள அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவரும் அதில் இருப்பார்கள். பெற்றோர் அல்லது உறவினர் விண்ணப்பித்தால் அந்தக் குழு கார்டியனை நியமிக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. கார்டியன் ஆனவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும், பிறகு வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும். சொத்துக்காக முன்வரும் உறவினர்களை இந்த ஒரு நிபந்தனையே பின்வாங்கச் செய்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண் பார்வை இல்லாத, காது கேளாத, நடக்க இயலாத பிள்ளைகளுக்குக் கார்டியன் தேவையில்லை. அவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே முடிவு செய்வார்கள். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பாங்கு சொன்னார்கள், மதீனாவின் பொறுப்பையும் ஏற்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு வேண்டியது படிப்பும் வேலையும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீதமும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்போடு பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிட்டால் இந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்?

இனி வீட்டுக்குள் செய்ய வேண்டியது. எல்லாவற்றிலும் கடினமானதும் இதுதான், யாரும் வெளியில் பேசாததும் இதுதான். பதினைந்து வயது மகனை உம்மா குளிப்பாட்டுகிறார். அவர் முடியாமல் படுத்துவிட்டால்? குளிப்பது, கழுவுவது, உடை மாற்றுவது, ஒளு செய்வது, பெண் பிள்ளையானால் மாதவிலக்கு நாட்களில் சுத்தமாக இருப்பது ஆகியவற்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒரு படி நன்றாகப் படிந்த பிறகு அடுத்ததைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு படிக்கு மூன்று மாதமும் ஆகலாம், பரவாயில்லை. பேச வராத பிள்ளைக்குப் படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். யார் உடம்பைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிக் கொடுங்கள். பிறகு கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வருவது, மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குவது. தெருக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரும் உதவுவார், நம் ஊரில் அந்த நல்ல மனம் இன்னும் இருக்கிறது. பள்ளிவாசலுக்கும் கூட்டி வாருங்கள். முதல் சில ஜும்ஆக்களில் பிள்ளை சத்தம் போடலாம். ஜமாஅத்தார் திரும்பிப் பார்த்து முறைக்காமல் இருந்தால் போதும்.

"ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடும்" என்று யோசனை சொல்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். திருமணம் வைத்தியம் அல்ல. நிலைமையை மறைத்து இன்னொரு வீட்டுப் பெண்ணையோ பையனையோ கொண்டு வருவது பெரிய அநியாயம். விவரம் முழுவதும் தெரிந்து இருவரும் மனமொத்துச் செய்யும் நிக்காஹ் வேறு விஷயம்.

சொத்து விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. "அவனுக்கு எதுக்குப் பங்கு, நாங்கதானே சோறு போடுறோம்" என்று காக்காமார் எழுதி வாங்கிக்கொள்வது ஒன்று. ஊனத்தால் வாரிசுப் பங்கில் ஒரு பைசா குறையாது. இன்னொன்று, பிள்ளை மீதுள்ள கவலையில் வாப்பா அவனுக்குக் கூடுதலாக வஸிய்யத் எழுதி வைப்பது. வாரிசுக்கு எழுதும் வஸிய்யத் மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். கூடுதலாகக் கொடுக்க நினைப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். ஆலிமையும் வக்கீலையும் கலந்துகொண்டு, மற்றப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசிச் செய்யுங்கள்.

அரசு உதவிகள் எல்லாவற்றுக்கும் முதல் சாவி தனித்துவ அடையாள அட்டை. சிறுவயதில் வாங்கிய ஊனச் சான்றிதழில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன நான்கு பிரிவினருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீடு உண்டு. பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்தில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பரிசோதனையும் தொழிற்பயிற்சியும் தருகிறார்கள்.

படிவம் நிரப்பவும், அலுவலகத்துக்கு உடன் வரவும் அறக்கட்டளை ஆள் அனுப்பும், இன்ஷா அல்லாஹ். பிள்ளைக்கு 17 வயது நடக்கும் வீடுகளுக்கு முதலிடம். பிறப்புச் சான்றிதழ், ஊனச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் நான்கு போட்டோ ஆகியவற்றுடன் அஸருக்குப் பிறகு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்